உப்பு போடலையே



நான் நம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாடச் செயல்களின் வழியே சிகிச்சை தருபவராக, வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு அம்மா. வந்து பன்னிரண்டு நாளாகியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அவர் முன்னால் ஒரு பேசினில் கோதுமை மாவும் செம்பில் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீரைத் தெளித்துப் பிசைய ஆரம்பித்தார். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி... காதோரம் ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. கால் மணி நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "உப்பு போடலையே!"

ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அதற்கு மேலும் உண்டு. தசைக்கும் மூட்டுக்கும் ஓர் உணர்வு, காதுக்குள்ளே சமநிலை உணர்வு. அழுகிற பிள்ளை தூளியில் ஏன் அடங்குகிறது? அந்த ஆட்டம்தான். மாவை அழுத்திப் பிசைவதும், கனமான போர்வையும், மெதுவான ஊஞ்சலும் படபடக்கிற உடம்பை அடக்கும். உடம்பு அடங்கினால்தான் வாய் திறக்கும். அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற அம்மையார் கற்றலில் சிரமப்படும் குழந்தைகளுக்காக இந்தப் புலன் உணர்வுகளை ஆராய்ந்து 1972-இல் நூலாக எழுதினார். இன்று பெரியவர்களின் மனநல சிகிச்சையிலும், மருந்தோடு சேர்த்து, இந்த முறை கைகொடுக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே பொருள் ஒத்துவராது. மல்லிகை வாசனை ஒருவருக்குக் கல்யாண வீடு, இன்னொருவருக்குச் சாவு வீடு. கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையில் கொடுக்க வேண்டும்.

கேட்காமல் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியை இந்த மண் மறக்கக் கூடாது. அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 உயிர்கள் தீயில் போயின. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியையும் தனியறையில் அடைப்பதையும் தடுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் ஒருவரைப் பிடித்துக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. அப்படியானால் அந்த வேறு வழி நம் மருத்துவமனையில் இருக்க வேண்டாமா? ஓர் அமைதியான அறை, ஒரு ஊஞ்சல், மாவு பிசைய ஒரு மேசை, பயிற்சி பெற்ற ஒருவர். இவ்வளவுதான் கேட்கிறோம்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.