சுவரில் சான்றிதழ், நம் கையில் புகார் கடிதம்
(தைப்பிங்கில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1897-ஆம் ஆண்டிலேயே எக்ஸ்ரே கருவி வந்த ஊர் நம் தைப்பிங். ஆனால் நான் கருவியைப் பற்றிப் பேச வரவில்லை. மருத்துவமனையில் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச வந்தேன்.

பல மருத்துவமனைகளில் நுழைந்ததும் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் தொங்கும். எம்.எஸ்.கியூ.எச். என்று எழுதியிருக்கும். 1997-இல் அமைக்கப்பட்ட மலேசிய சுகாதாரத் தரக் கழகம் கொடுப்பது அது. கட்டாயமில்லை, மருத்துவமனைதான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மருத்துவமனைகளின் டாக்டர்கள், தாதியர், நிர்வாகிகள் வந்து சோதிப்பார்கள். அவர்கள் பார்க்கும் தரங்களில் ஒன்று நோயாளி, குடும்பத்தார் உரிமைகள். சம்மதம் எப்படி வாங்குகிறார்கள், புகாருக்கு வழி உண்டா என்பதெல்லாம் அதில் அடங்கும். இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு தோட்டத்து அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். தைப்பிங் அல்ல, வேறு ஊர், அரசாங்க மருத்துவமனை. சர்க்கரை நோய், காலில் புண். பாரத்தை நீட்டினார்கள், கட்டைவிரல் ரேகை வைத்தார். விரலைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தார். கண் விழித்தபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை! பாரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. தமிழில் சொல்ல ஆள் இல்லையா? அந்த வார்டைக் கூட்டுகிற அம்மா தமிழர்தான். கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பார். காலை எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை, உயிரைக் காக்க எடுத்திருக்கலாம். அவரிடம் சொல்லாமல் எடுத்ததுதான் தவறு.

மகன் என்னிடம் வந்தபோது நான்கு ஆண்டு ஓடிவிட்டது. அரசாங்கத்தின் மீது வழக்குப் போட 36 மாதம்தான் கெடு, 1948-ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் என்றால் ஆறு ஆண்டு. புகார் ஏதும் எழுதினீர்களா என்று கேட்டேன். "நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டோம் சார்" என்றார். அந்த மருத்துவமனையிலும் சான்றிதழ் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சோதிக்க வருகிறவர் கோப்பைப் பார்ப்பார். கோப்பில் அந்த அம்மா இல்லையே!

நம்மிடம் நேராகக் கேட்கவே மாட்டார்களா? கேட்டிருக்கிறார்கள். யுனிசெப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 1991-இல் தொடங்கிய தாய்ப்பால் திட்டத்தில், வார்டில் படுத்திருக்கும் தாயிடமே போய் விசாரித்துத்தான் மருத்துவமனைக்கு அங்கீகாரம் தருவார்கள். 1998-இல் நம் அரசாங்க மருத்துவமனைகள் அனைத்தும் அந்த அங்கீகாரம் பெற்றன. உலகில் மூன்றாவது நாடு நாம். தாயிடம் கேட்க முடிந்தால் கால் இழந்த கிழவியிடமும் கேட்கலாம்.

அதுவரை நாமே எழுத வேண்டும். பாரம் புரியவில்லையா? "தீடாக் பாஹாம்" என்று சொல்லுங்கள், தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவசரம் இல்லையென்றால் புரியும்வரை கையெழுத்து வேண்டாம். தாதி திட்டினால் தேதி, நேரம், வார்டு எண் குறித்து வையுங்கள். புகாரை மருத்துவமனை இயக்குநருக்கு எழுதுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். சுகாதார அமைச்சுக்கு இணையத்திலும் அனுப்பலாம், பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள். தனியார் மருத்துவமனைக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நோயாளியின் குறையைக் கேட்க அவர்கள் ஏற்பாடு வைத்திருந்தே ஆக வேண்டும்.

எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். அடையாள அட்டையும் மருத்துவமனை அட்டையும் கொண்டு வாருங்கள். நடந்து மூன்று ஆண்டு நெருங்கியவர்கள் முதலில் வாருங்கள்.