மாத்திரைப் பையோடு போங்கள்

(தருமபுரி மாவட்டத்தில் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ பற்றிப் பேசிப் பழகியவள் நான். இன்று நம் உடம்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தவறு செய்து கற்றுக்கொண்டவள் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

எனக்கு மூன்று மருத்துவர்கள் இருந்தார்கள். தொண்டை கட்டினால் ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு ஒருவர், முழங்கால் வலிக்கு ஒருவர். ஒருவரிடம் போவது மற்றவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. முழங்காலுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை சில நாள்களுக்குத்தான். நானோ அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி இரண்டு ஆண்டுகள் சாப்பிட்டேன். நின்றுகொண்டே பாடம் நடத்த வேண்டுமே! ரத்த அழுத்தம் மட்டும் குறையவே இல்லை. அதற்கான மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

ஒரு நாள் கால் வீங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் அம்மா, “வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு வாங்க டீச்சர்” என்றார். மறுநாள் பையை மேசையில் கவிழ்த்தேன். வலி மாத்திரை அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். இவ்வகை மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் கெடலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள், கூடியிருந்தது. அந்த மாத்திரையை நிறுத்தியபின் மேலும் ஏறவில்லை. ஆனால் பழைய நிலைக்கு இறங்கவும் இல்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார்: “சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?” நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறையோடு வரும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ஃபுளோரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் மூட்டும் எலும்பும் இறுகி வலிக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்குக் காரணமே இதுதான். ஊரை அறிந்த மருத்துவர்தான் இப்படிக் கேட்பார்.

நாம் மாணவரை ஆண்டு முழுவதும் வளரறி மதிப்பீட்டில் கவனிக்கிறோம். நம் உடம்புக்கோ விழுந்தபின் ஒரே ஒரு தேர்வு. ஒரு பையன் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால் வகுப்பாசிரியர் கண்டுகொள்வார். தேர்வறைக்கு வந்த மேற்பார்வையாளருக்குத் தெரியாது. குடும்ப மருத்துவர் என்பவர் நம் உடம்புக்கு வகுப்பாசிரியர் மாதிரி. நாம் நலமாக இருக்கும்போது பார்த்திருந்தால்தான் மாற்றம் அவர் கண்ணில் படும்.

இதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அரூருக்கு அப்பால், மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிக்கு 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் வந்தார்கள். ஒரு குடிசையில் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நோய் வருமுன்னே பார்க்கச் செய்தார்கள். அங்கே குழந்தை இறப்பு பெருமளவு குறைந்ததற்கு இந்தத் தொடர் கவனிப்பு முக்கியக் காரணம்.

சரி, யாரைத் தேர்ந்தெடுப்பது? பெரிய பெயர் வேண்டாம். அவசரத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பொதுமருத்துவர் போதும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் பேசுவதைக் கேட்கிறாரா, மாத்திரை எதற்கு என்று சொல்கிறாரா, தேவைப்பட்டால் சிறப்பு மருத்துவரிடம் தாமே அனுப்புகிறாரா என்று கவனியுங்கள். வீட்டில் மாமியார் முதல் பிள்ளைகள் வரை ஒருவரிடமே போவது நல்லது. அப்பாவுக்குச் சர்க்கரை என்பது மகனைப் பார்க்கும்போது அவருக்கு நினைவுக்கு வரும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாறுதலில் போய்விடுவாரே என்பீர்கள். உண்மைதான், எனக்கு வைத்தியம் பார்த்தவரும் போய்விட்டார். அதனால்தான் ஒரு நோட்டு வேண்டும். தேதி, ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். புதிதாக வந்த மருத்துவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு நிலையங்களில் இலவசம். பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு. நம் ஆசிரியைகள் தள்ளிப்போடுவது இந்தக் கடைசி இரண்டைத்தான். கூச்சப்பட வேண்டாம் சகோதரிகளே. காலாண்டு விடுமுறையில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

போகும்போது நோட்டும் மாத்திரைப் பையும் கையில் இருக்கட்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் பையில் போடுங்கள். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முந்தின இரவே எழுதிவையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோகும். வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்க அரை மணி முன்பிருந்தே டீ, காபி வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்த பிறகுதான் உதவும். நான் பேசுவது படுக்காமல் இருப்பதற்கு.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியில், கைப்பையில், பள்ளி மேசை இழுப்பறையில் கிடக்கும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் சேர்த்துப் பாருங்கள். எது எதற்கென்று தெரியாத அட்டை ஒன்றாவது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.