வெள்ளத்திலும் டயாலிசிஸ் நிற்கக் கூடாது

(சேக்காட்டில் நடந்த கட்சிக் கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)



பஞ்சப்படியைப் பற்றியோ கூலி உயர்வைப் பற்றியோ பேச நான் இன்று எழுந்து நிற்கவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போன தொழிலாளியைப் பற்றிப் பேசப் போகிறேன். மழைக்காலம் வருவதற்குள் பேசியாக வேண்டிய விஷயம் இது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் போய் முடிந்த ஒருவரையாவது நீங்கள் ஒவ்வொருவரும் அறிவீர்கள். விவசாயத் தொழிலாளியின் கதை இன்னும் மோசம். ஆந்திராவில் உத்தானம் பகுதியில், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரையும் கிடையாது, அழுத்தமும் கிடையாது. ஆனாலும் சிறுநீரகம் கெடுகிறது. கொளுத்தும் வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் வேலை வாங்குவதும் இதற்கு ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். உழைக்கிறவனைத் தேடி வரும் நோய் இது.

நோய் முற்றினால் டயாலிசிஸ். அதாவது, சிறுநீரகம் செய்யாத வேலையை வெளியிலிருந்து செய்வது. ரத்தம் நூலிழை போன்ற மெல்லிய குழாய்களுக்குள் ஓடும்; குழாய்களைச் சுற்றி ஒரு திரவம் ஓடும். ரத்தத்தில் உள்ள அழுக்கு அந்தத் திரவத்துக்கு மாறிவிடும். இதுதான் டயாலிசிஸ் திரவம். அது ஏதோ அமிர்தம் என்று எண்ணிவிடாதீர்கள். மிக மிகச் சுத்தமான தண்ணீர், அதில் அளவாகச் சில உப்புகள், கொஞ்சம் சோடா, கொஞ்சம் குளுகோஸ். அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போடுவோம். ஆஸ்பத்திரியில் யந்திரத்தில் படுப்பவருக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் திரவம் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அதில் கரைந்திருக்கும் உப்பு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ. வாரத்துக்கு மூன்று தடவை என்றால் 360 லிட்டர். கேனில் வரும் கெட்டிச் சரக்கை ஆஸ்பத்திரித் தண்ணீரில் கலந்து அந்த யந்திரமே திரவத்தைத் தயார் செய்துகொள்கிறது. ஆகவே அங்கே வேண்டியது இரண்டு: சுத்த நீர், மின்சாரம். வெள்ளம் வந்தால் முதலில் போவதும் இந்த இரண்டுதான்.

வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு யந்திரம் வேண்டாம், பை வேண்டும். இரண்டு லிட்டர் பை, சாதாரணமாக ஒரு நாளைக்கு நாலு. மாதத்துக்கு 240 லிட்டர், 240 கிலோ பாரம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆரம்பித்தபோது, இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதையும் அதில் சேர்த்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்த 240 கிலோவில் மருந்துச் சரக்கு எவ்வளவு? ஆறு கிலோ! மீதி அத்தனையும் தண்ணீர். எங்கோ ஒரு ஆலையில் அடைத்த தண்ணீரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகச் சுமக்கிறார்கள்.

ஆலையில் செய்தால் சுத்தத்தைக் காப்பது சுலபம். நியாயமான காரணம்தான், நான் மறுக்கவில்லை. தண்ணீரை மருந்து விலைக்கு விற்கலாம் என்பதும் ஒரு காரணம். வெயில் காலத்தில் இந்த ஏற்பாடு ஓடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆவடியும் அம்பத்தூரும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோமே, அப்போது லாரி எங்கே வரும்? மந்திரிகள் படகில் வந்து ரொட்டி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ரொட்டி இல்லாமல் இரண்டு நாள் இருக்கலாம். டயாலிசிஸ் இல்லாமல் ஒரு வாரம் தள்ளுவதே கஷ்டம்.

பணக்கார அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள். அங்கே நரம்பில் ஏற்றும் மருந்துத் திரவத்தில் நூற்றுக்கு 60 பங்கு, பாக்ஸ்டர் என்ற கம்பெனியின் ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வயிற்று டயாலிசிஸ் திரவமும் அங்கேதான் தயாரானது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் இருந்த அந்த ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. தேசம் முழுவதும் ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டன. வெளிநாடுகளிலிருந்து விமானத்தில் திரவம் இறக்கினார்கள். ஏகபோகம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்கும் தோழர்களுக்கு இனி இதைத்தான் உதாரணம் சொல்லப் போகிறேன்.

இந்த வைத்தியம் கம்பெனிப் பையில் பிறந்ததல்ல. நாஜிகள் ஹாலந்தைப் பிடித்து வைத்திருந்த காலம், 1943. காம்பன் என்ற சிறு ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். ரத்தம் ஓடியது, சாசேஜ் இறைச்சியைச் சுற்றும் செல்லோபேன் குழாயில். தொட்டி செய்ய உதவியது உள்ளூர் எனாமல் பாத்திர ஆலை. திரவத்தை அங்கேயே கலந்து தொட்டியில் ஊற்றினார்கள். ஆரம்பத்தில் நோயாளிகள் அநேகர் இறந்தார்கள். 1945-ல் ஒரு அம்மாள் பிழைத்தாள். யுத்தம் முடிந்ததும் அவர் யந்திரங்களை வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இனாமாக அனுப்பினார். பாத்திர ஆலையும் ஒரு டாக்டரும் சேர்ந்து யுத்தத்தின் நடுவே செய்ததை, இத்தனை ஆலைகள் உள்ள ஆவடி, அம்பத்தூரில் இன்று செய்ய முடியாதா?

வெறும் கையோடு ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை. பாவ்நகரில் சர்க்காரின் உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உப்பு நீரையும் கலங்கல் நீரையும் குடிநீராக்கும் யந்திரத்தை அவர்கள் வண்டியிலேயே பொருத்தி, 2004 சுனாமிக்குப் பிறகு நமது கடலோரத்துக்கும், 2009 அய்லா புயலுக்குப் பிறகு வங்காளத்துக்கும் அனுப்பினார்கள். 2016-ல் வின்சென்ட் கார்வி என்ற பொறியாளருக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. தண்ணீரைக் காய்ச்சி வடித்து, இருக்கிற இடத்திலேயே வயிற்று டயாலிசிஸ் திரவம் செய்யும் சிறு கருவிக்கான திட்டத்துக்காக. பை கிடைக்காத அவசரத்தில், ஆஸ்பத்திரியில் இருக்கும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலோடு குளுகோஸைக் கலந்து திரவம் தயாரிக்கும் முறையைச் சர்வதேச மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டுதலில் எழுதியே வைத்திருக்கிறது. இது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் யாரும் முயலக் கூடாது. தாய்மார்களே, இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் அழுத்திச் சொல்கிறேன்? பிரேசிலில் கருவாரு என்ற ஊர். 1996. ஒரு தனியார் டயாலிசிஸ் நிலையத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தது. சரியாகச் சுத்தம் செய்யாத தண்ணீர். அதில் ஏரிப் பாசியின் விஷம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். நாம் வாரத்துக்குப் பதினைந்து இருபது லிட்டர் தண்ணீர் குடிக்கிறோம். கெட்டதைக் குடல் ஓரளவு தடுக்கும். டயாலிசிஸ் நோயாளியின் ரத்தம் 360 லிட்டரை மெல்லிய சவ்வு ஒன்றின் குறுக்கே சந்திக்கிறது. குழாய் நீரில் போடும் குளோரின்கூட அவருக்கு விஷம். ரத்த அணுக்களை உடைத்துவிடும். எனவே தண்ணீர் லாரியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு 'ஏற்பாடு செய்துவிட்டோம்' என்று எந்த அதிகாரி சொன்னாலும் நாம் விடக் கூடாது.

நாம் கேட்கும் வண்டி வேறு. குளோரினை எடுக்கும் கரித்தொட்டி, இரண்டு அடுக்கு ஆர்.ஓ., கிருமி வடிகட்டி, சொந்த ஜெனரேட்டர், பரிசோதனைக் கருவிகள், அவற்றைத் தெரிந்த ஆள். மணிக்கு 500 லிட்டர் சுத்த நீர் கொடுத்தால் போதும். இருபது மணி நேரத்தில் எண்பது பேருக்கு டயாலிசிஸ் நடக்கும். ஆஸ்பத்திரிக்கு நீர் கொடுக்கும் இந்த வேலையை உடனே ஆரம்பிக்கலாம். வீட்டு நோயாளிக்குப் பை நிரப்புவது அதைவிடக் கடினம். கிருமி ஒன்றுகூட நுழையக் கூடாது, மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் அனுமதி வேண்டும். அது இரண்டாவது கட்டம். அதுவரை மழைக்கு முன்பே ஒரு மாதப் பையை வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும். கூரை ஒழுகும் வீட்டுக்காரருக்கு வார்டில் மேடான இடம் ஒதுக்க வேண்டும்.

யார் செய்வது? ஆவடித் தொழிலாளிதான். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே ஓட்டி வந்த கைகள் இந்த ஊர்க் கைகள். 2021-ல் அந்த ஆலையைக் கம்பெனியாக மாற்றினார்கள். தொழிலாளி எதிர்த்தபோது வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். யுத்த வண்டி செய்யத் தெரிந்தவனுக்கு உயிர் காக்கும் வண்டி செய்யத் தெரியாதா? பாவ்நகர் விஞ்ஞானியையும் ஆவடித் தொழிலாளியையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. பணம் ஒதுக்கும் கடமை ராஜ்ய சர்க்காருக்கும் இருக்கிறது.

மனு தயார். அதோடு ஒரு கணக்கும் சேர வேண்டும்: சேக்காடு, பட்டாபிராம் வார்டுகளில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எத்தனை பேர், யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், யார் வீட்டில் பை வைத்திருக்கிறார்கள், வெள்ளத்தில் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது. பெயர்களை வெளியே சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, இரண்டு பேராகப் பிரிந்து தெருத் தெருவாகப் போகிறோம். மாதர் சங்கத் தோழர்கள் கட்டாயம் வர வேண்டும். அடுப்படிவரை போய்க் கேட்க அவர்களால்தான் முடியும். நோட்டும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன்.