பென்சிலில் எழுதிய தேதிகள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன். பேச்சு வழக்கை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது டெக்னிக்கலா ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். நான் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். பாய்லரைப் பற்றிப் பேசினால் பதினைந்தாவது நிமிஷம் இந்த அரங்கில் நான் மட்டும்தான் விழித்திருப்பேன். அதனால் பாய்லரைக் கடைசியில் கொஞ்சமாக வைத்துக்கொள்கிறேன். முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அக்கா விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பத்தாம் வகுப்பு எடுப்பவர். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பரீட்சை, பேப்பர் திருத்தும் நாள், பெற்றோர் கூட்டம், காஸ் சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் அதில் நீல மையில் இருக்கும். 2020 ஜூனுக்குப் பிறகு அந்தக் காலண்டரில் பேனா எழுத்து நின்றுபோனது. எல்லாம் பென்சில். ஏன் என்று கேட்டேன். "அழிக்கறதுக்கு சௌகரியமா இருக்குடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தத் தேதிகளைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். இங்கே இருக்கும் மாணவர்கள் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். உங்களுக்கே தெரிந்த கதைதான். ஆனால் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர் கண்ணால் அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

2020 மார்ச் மத்தியில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1-ல் தேர்வு என்றார்கள். பிறகு ஜூன் 15 என்றார்கள். ஆசிரியர்கள் தேர்வு அறைகளைத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 9-ஆம் தேதி, தேர்வே கிடையாது, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கு.

செப்டம்பர் 24-ல், பத்து முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்கள் விருப்பப்பட்டால் அக்டோபர் 1 முதல் சந்தேகம் கேட்கப் பள்ளிக்கு வரலாம் என்று ஆணை. ஐந்தே நாளில், 29-ஆம் தேதி, அது நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபர் 31-ல், நவம்பர் 16 முதல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி திறக்கும் என்று அறிவிப்பு. நவம்பர் 9-ல் பெற்றோரிடம் கருத்துக் கேட்பு. நவம்பர் 12-ல் திறப்பு ரத்து.

அந்த நவம்பர் 9-ஆம் தேதி ராத்திரி அக்காவுக்குப் போன் செய்தேன். காலையிலிருந்து மேசை போட்டு உட்கார்ந்து பெற்றோர்கள் சொன்னதை எல்லாம் வாங்கியிருக்கிறார். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதியும் கொடுத்திருக்கிறார். "நீ என்னக்கா எழுதினே?" என்று கேட்டேன். "எனக்கு ஏதுடா தாள்? எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன். என்னை யாரும் கேக்கலையே" என்றார். அவர் வீட்டில் எழுபது வயது மாமியார், சர்க்கரைக்காரர். நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, அந்த மாமியாருக்குச் சோறு போட வேண்டியவர் அவர்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரடங்கிலும் மின்சாரம் ஓட வேண்டுமல்லவா? நாங்கள் ஷிப்ட் தவறாமல் போனோம். அந்த அலுப்பில் ஒருநாள் சொல்லிவிட்டேன்: "உனக்கென்னக்கா, ஸ்கூல் மூடிக் கிடக்கு, மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது." ஊரே அன்று சொன்ன வார்த்தைதான். தம்பி வாயிலிருந்து வந்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "வராதேன்னா வீட்ல இருப்பேன். வான்னா போவேன். ரெண்டையும் ஒரே வாரத்துல சொன்னா நான் என்னடா செய்யறது? நீ போற இடத்துல இன்னிக்கு வேலை உண்டா இல்லையான்னு உனக்குத் தெரியும். எனக்கு அது தெரியலை." என்னிடம் பதில் இல்லை.

சம்பளம் வந்த ஆசிரியர் நிலைமை இது. வராதவர்கள் கதை வேறு. தனியார் பள்ளிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் வேலை பார்த்த எத்தனையோ பேருக்குப் பாதிச் சம்பளம், சிலருக்கு அதுவும் இல்லை. நம் செட்டிலேயே விரிவுரையாளராக இருந்த ஒருவன், தன் கல்லூரி எப்போது திறக்கும் என்று தெரியாமல் ஏழு மாதம் மாமனாரின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினான். இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறான். பெயர் சொன்னால் அடிப்பான்!

சரி, கதைக்கு வருகிறேன். கடைசியில் 2021 ஜனவரி 19-ல் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. அறைக்கு 25 பேர். சத்து மாத்திரை கொடுத்தார்கள். நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது ஜனவரி 16-ல், அதுவும் முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்கு. ஆக, அக்கா ஊசி போடாமல்தான் வகுப்புக்குள் போனார். பயம் இருந்ததா என்று கேட்டேன். "பயம்தான். ஆனா பசங்களப் பாத்ததும் மறந்துட்டேன்" என்றார்.

பெயர் கூப்பிட்டிருக்கிறார். 43 பேரில் ஐந்து பேர் இல்லை. சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். அதில் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன், சித்தப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போய்விட்டான். போனில் அவன் கேட்ட கேள்வியை அக்கா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். "டீச்சர், இந்தத் தடவையாவது நிஜமாவே தொறக்கறாங்களா? போன தடவையும் நீங்கதானே வான்னு சொன்னீங்க. வேலைய விட்டுட்டு வந்தேன். அப்புறம் இல்லேன்னுட்டீங்க."

கவனியுங்கள். அவன் அரசாங்கத்தைச் சொல்லவில்லை. "நீங்கதானே" என்றான். தேதியைக் காகிதத்தில் போட்டது யாரோ. ஊருக்குள் போய், வாசலில் நின்று, வாயால் சொன்னவர் டீச்சர். தேதி மாறும்போதெல்லாம் குறைந்தது டீச்சரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு. கிராமத்து ஆசிரியருக்கு அதைவிட்டால் வேறு என்ன சொத்து இருக்கிறது?

அக்கா நேரில் போய்ப் பேசினார். பையன் பிப்ரவரியில் வந்தான். பிப்ரவரி 25-ல், ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றுக்கும் தேர்வில்லை, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு. மார்ச் 22-ல் அந்த வகுப்புகளுக்குப் பள்ளி மறுபடி மூடப்பட்டது. ஏப்ரல் 6 தேர்தலுக்கு அக்கா வாக்குச்சாவடி வேலைக்குப் போனார். பையன் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். செப்டம்பர் 1-ல் உயர் வகுப்புகள் திறந்தபோது அவன் வரவில்லை. அவன் கையில் பத்தாம் வகுப்பு தேர்ச்சிச் சான்றிதழ் இருக்கிறது. இன்றைக்கும் பெயிண்ட் வேலைதான். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் குறை ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால், "வணக்கம் டீச்சர்" என்று வண்டியை நிறுத்துவான். பதில் வணக்கம் சொல்வதற்குள் அக்காவுக்குத் தொண்டை அடைத்துவிடும்.

இதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. முடிவெடுத்தவர்களுக்கும் அது புது நோய். திறந்து ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நாமே கல்லெறிந்திருப்போம். நிச்சயமில்லாத காலத்தில் நிச்சயமாகப் பேச யாராலும் முடியாது. ஆனால் நிச்சயமில்லாத காலத்திலும் ஒழுங்காக வேலை செய்யலாம். அது எனக்குத் தெரியும். இங்கேதான் பாய்லர் வருகிறது. பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பெரிய பராமரிப்புக்காக நிறுத்திய பாய்லரை மறுபடி கொளுத்துவது சாதாரண காரியமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரைவிட, நிறுத்திவிட்டுத் தொடங்கும் பாய்லருக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். அதில் மூன்று பழக்கங்கள் உண்டு.

முதலாவது, தேதி போட்டுக்கொள்வோம், ஆனால் தேதியைப் பார்த்துக் கொளுத்த மாட்டோம். இந்த இந்த சோதனை முடிந்திருக்க வேண்டும், இந்த அளவு இவ்வளவு காட்ட வேண்டும் என்று பட்டியல் இருக்கும். அது நிறைவேறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் தள்ளிப்போனாலும் ஏன் என்று கடைநிலைத் தொழிலாளிக்கும் தெரியும்.

இரண்டாவது, பாய்லருக்குள் இறங்கி வேலை செய்யும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெர்மிட் உண்டு. வேலை முடிந்து, ஆட்கள் வெளியே வந்து, கையெழுத்துப் போட்டு அதைத் திருப்பித் தர வேண்டும். ஒரே ஒரு பெர்மிட் பாக்கி இருந்தாலும் தலைமைப் பொறியாளரே வந்து நின்றாலும் தீ வைக்க முடியாது. உள்ளே நிற்பவனின் கையெழுத்து இல்லாமல் வெளியே நிற்பவன் முடிவெடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது, மெதுவாகச் சூடேற்றுவோம். கனமான உலோகத்தை அவசரமாகச் சூடாக்கினால் விரிசல் விடும்.

இந்த மூன்றையும் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். "16-ஆம் தேதி திறக்கும்" என்பதற்குப் பதிலாக, "நம் வட்டாரத்தில் தொற்று இவ்வளவுக்குக் கீழே வந்து, தண்ணீர், கழிப்பறை, இடவசதி தயாராக இருந்தால் திறக்கும்" என்று டீச்சர் ஊரில் சொல்லியிருந்தால், தள்ளிப்போனபோது அவர் சொல் பொய்யாகியிருக்காது. பெற்றோரிடம் வாங்கிய தாளோடு ஆசிரியரிடமும் ஒரு தாள் வாங்கியிருந்தால், எழுபது வயது மாமியாரின் கணக்கும் யாருக்காவது தெரிந்திருக்கும். மெதுவாகச் சூடேற்றுவது? ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல். பத்தொன்பது மாதத்துக்கு மேல். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிக்கொண்டிருந்த குழந்தை, திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில்! அந்த இடைவெளியை நிரப்ப, இல்லம் தேடிக் கல்வி என்று சாயங்கால வகுப்புகள் அந்த அக்டோபரில் தொடங்கின. நல்ல காரியம். ஊர்ப் பெண்களே தன்னார்வலராக வந்து சொல்லிக் கொடுத்தார்கள்.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. எங்கள் விழுப்புரம் பக்கம் வெள்ளக்காடு. பள்ளிகளை மறுபடி மூடினார்கள். "எப்பக்கா திறக்கும்?" என்று போனில் கேட்டேன். "பென்சில் சீவி வெச்சிருக்கேன்" என்றார். அடுத்தது புயலோ, வெள்ளமோ, வேறொரு நோயோ, பள்ளிகள் மூடும் நாள் இன்னொரு தடவை வரத்தான் போகிறது.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தவர்கள்தான். அந்தப் பள்ளிக்கு ஒரு பீரோ, இரண்டு மின்விசிறி வாங்கித் தருகிறோம், கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்கிறோம். அதோடு ஒரு நாள் அங்கே போய் ஆசிரியர்களோடு உட்காருங்கள். "திடீர்னு மூடினா, மறுபடி திறக்க என்னென்ன வேணும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். போன் இல்லாத பிள்ளை யார், வேலைக்குப் போய்விடக்கூடிய பிள்ளை யார், எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பட்டியல் போடுவது நமக்குக் கைவந்த கலை. ஒரு பக்கம் போதும். தலைமையாசிரியர் அறையில் ஒட்டி வையுங்கள். செலவு ஒரு வெள்ளைத்தாள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் தேர்வெழுதாமல் தேர்ச்சி பெற்றதற்காகக் கேலி கேட்டிருப்பீர்கள். அது உங்கள் குற்றமில்லை. ஆனால் அந்த வருஷங்களில் ஏதோ ஒரு ஆசிரியர், மறுநாள் பள்ளி உண்டா இல்லையா என்று தெரியாமலே உங்களுக்காகப் பாடம் தயார் செய்து வைத்திருந்தார். அவருக்கு இன்று ராத்திரி ஒரு போன் போடுங்கள். வேறொன்றும் வேண்டாம், "நல்லாயிருக்கீங்களா டீச்சர்" என்று கேட்டால் போதும்.