குடியும் ஈறும்

(நமது கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில், பி.யு.சி. அணியைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



"பதினைந்து நிமிஷம் பேசுங்க டாக்டர், பயனுள்ளதா இருக்கட்டும், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடுங்க" என்று செயலாளர் சொன்னார். பல் டாக்டரைச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச வைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நேற்று இரவு ஆம்பூர் பிரியாணி போட்டார்கள். சீரகச் சம்பா வாசனை விடுதி வராண்டா வரைக்கும் வந்தது. நம் நண்பர்கள் சிலர் கறித்துண்டை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, சோற்றையும் கத்திரிக்காயையும் மட்டும் பிசைந்து சாப்பிட்டார்கள். கேட்டால் "டயட்" என்றார்கள். டயட் இல்லை. மெல்லப் பல் இல்லை. அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஏன் பல் போனது என்பதும் எனக்குத் தெரியும். அதைத்தான் இன்று பேசப் போகிறேன். யார் பெயரையும் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1982இல் ஆம்பூரில் கிளினிக் திறந்தேன். மாடிப்படி ஏறி வர வேண்டிய சின்ன அறை. வருகிறவர்களில் பாதிப் பேர் டேனரி ஆட்கள், ஷூ கம்பெனி ஆட்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும், கூலி கைக்கு வருகிற நாள் அது. 1991 என்று நினைவு. டிரம்மில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார், நாற்பது வயசு இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது, ஈறு அமுக்கினால் சீழ். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா சார் யோசிக்கிறீங்க, ஆடுற பல்லுதானே, புடுங்கிப் போட்டுடுங்க" என்றார். ஊசி போட்டு இரண்டு நிமிஷத்தில் எடுத்தேன். பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னேன். சீழுக்காக மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கை லேசாக நடுங்கியது. ஊசிக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாயில் மது நெடி இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்ற மரியாதைக்காக மனுஷன் அன்று காலையிலிருந்து தொடாமல் வந்திருக்கிறார். அந்த நடுக்கம் அதனால் வந்தது. "குடிப்பீங்களா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு அவர் மனைவியும் மச்சானும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் தலையணை முழுக்க ரத்தம். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வீட்டுக்குப் போகிற வழியில் நடுக்கம் தாங்காமல் குடித்திருக்கிறார். மேலே மாத்திரையும் போட்டிருக்கிறார். அந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் சிலருக்கு இப்படி ஆகும் என்று எச்சரிக்கை உண்டு. எனக்கும் அது தெரியும். ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையே. வாடகைக் கார் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அங்கே இருந்த டாக்டர் என்னிடம் சொன்னார், கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிக் கெட்டியாகிவிட்டது, தட்டணுக்கள் ரொம்பக் குறைச்சல் என்று. ரத்தம் உறைவதற்கான பொருள்களைச் செய்வது கல்லீரல். அது கெட்டவருக்குப் பல் பிடுங்குவது சின்ன வேலையே கிடையாது. முன்கூட்டியே ரத்தம் சோதித்து, கல்லீரல் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் கொறடாவைக் கையில் எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் எல்லாரையும் கேட்க ஆரம்பித்தேன். 1984இல் வெளியான நான்கு கேள்விகள் இருக்கின்றன, உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? அதைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர ஒரு வாய் வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். இதைக் கேட்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. யாரும் என்னை அடிக்கவில்லை. நிறையப் பேர், கேட்டதற்காகவே அழுதிருக்கிறார்கள்.

இப்போது ஈறுக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெயில் காலத்தில் பச்சைத் தோல் வந்து இறங்குகிறது, உப்புப் போடாமல் ஒரு ராத்திரி விட்டால் என்ன ஆகும்? மயிர் கழன்று, நாற்றம் எடுத்து, தோல் பாழ். கிருமி கொலாஜன் நாரைத் தின்றுவிடுகிறது. பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கிற நாரும், ஈறும் அதே கொலாஜன்தான். ஒரு வித்தியாசம் உண்டு. செத்த தோலைக் கிருமி மட்டும் அரிக்கிறது. உயிருள்ள ஈறிலோ, கிருமியோடு சண்டை போட வருகிற நம்முடைய வெள்ளணுக்களும் சேர்ந்து அரித்துவிடுகின்றன. அந்தச் சண்டைக்குப் பெயர்தான் அழற்சி.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சிறு பள்ளம் இருக்கும். நல்ல வாயில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். பற்காரை சேர்ந்து ஈறு வீங்கினால் ஐந்து, ஆறு, எட்டு என்று இறங்கும். பள்ளத்தின் உள்சுவர் முழுக்கப் புண். எல்லாப் பல்லையும் சுற்றி இருக்கிற அந்தப் புண்ணை எடுத்து விரித்து வைத்தால் உள்ளங்கையில் ஒரு நல்ல பங்கை மறைக்கும். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறவர்கள் நாம், அளவு சொன்னால் புரியும். கையில் அவ்வளவு பெரிய புண்ணை வைத்துக்கொண்டு யாராவது சும்மா இருப்போமா? வாய்க்குள் இருப்பதால் வருஷக்கணக்கில் இருக்கிறோம்.

மது இதில் என்ன செய்கிறது? ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் 60 கிராம் சுத்த ஆல்கஹால் வருகிறது. தினமும் அது உள்ளே போனால் கிருமியைத் துரத்த வேண்டிய வெள்ளணு மந்தமாகிறது. ஆனால் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 மாதிரி அழற்சியைக் கிளப்பும் பொருள்கள் ரத்தத்தில் கூடுகின்றன. அதாவது போலீஸ் பலவீனம், கலவரம் அதிகம். வாய் வறள்கிறது. ராத்திரி பல் துலக்காமலே படுக்கிறார். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கு மேல் முன்பல்லின் உள்பக்கம் அமிலத்தில் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். காது ஓரத்து உமிழ்நீர்ச் சுரப்பி இரண்டு பக்கமும் உப்பி, கன்னம் வந்த மாதிரி தெரியும். "சார் இப்ப சதை போட்டிருக்கார்" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள்!

நம் பக்கத்தில் குடிக்கிறவர் பலருக்குக் கையில் பீடியும் கன்னத்தில் ஹான்ஸும் உண்டு. புகை ரத்தக் குழாயைச் சுருக்குவதால் ஈறில் ரத்தம் கசியாது. "எனக்கு ரத்தமே வர்றதில்லை சார், ஈறு ஸ்ட்ராங்" என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பாதி இருக்காது.

இது ஒரு வழிப் பாதை இல்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தினமும் ஒரு லிட்டர் அளவுக்கு உமிழ்நீரை விழுங்குகிறோம், கிருமியோடு சேர்த்து. குடிக்கிறவருடைய குடல் சுவர் கசிகிற சுவர். கிருமிகளின் நஞ்சு அதன் வழியே கசிந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. 2014இல் சீன ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கல்லீரல் சுருங்கிய நோயாளிகளின் குடலில் அதிகமாகிவிட்ட கிருமி இனங்களில் பாதிக்கு மேல் வாயைச் சேர்ந்தவை. வாயில் இருக்க வேண்டியது குடலில் குடியேறியிருக்கிறது. பிறகு 2018இல் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். அதே மாதிரி கல்லீரல் நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ரத்தத்தில் கிருமி நஞ்சும் அழற்சி அளவுகளும் குறைந்தன. பல்லைச் சுத்தம் செய்ததற்கு உடம்பு பதில் சொல்லியிருக்கிறது. ஈறைச் சுத்தம் செய்தால் கல்லீரல் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. குடியை நிறுத்தாமல் எதுவும் ஆகாது. ஆனால் நிறுத்துகிறவருக்கு அந்தப் பாரத்தில் ஒரு மூட்டையாவது இறங்குகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. கடுக்காய்க்கு நம் பக்கத்தில் இரண்டு வேலை. ஆவாரம்பட்டையோடு சேர்த்துத் தோல் பதனிட்டோம், பொடித்துப் பல்லும் துலக்கினோம். இரண்டிலும் துவர்ப்புத்தான் காரியம் செய்கிறது. என் பாட்டி கடைசி வரை கடுக்காய்ப் பொடிதான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஈறு இறுகின மாதிரி இருக்கும், வாய் சுத்தமாகும். ஆனால் ஈறுக்குக் கீழே கல்லாகிப் போன காரையை எந்தப் பொடியும் கரைக்காது. கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

புற்றுநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே உறுதி செய்துவிட்டது. மதுவை வாயிலுள்ள கிருமிகளே அசிட்டால்டிஹைடாக மாற்றுகின்றன. அழுக்கான வாயில் அது இன்னும் அதிகம். கூடப் புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதுவாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

இனி ஒரு நண்பனைப் பற்றி. அவன் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன். நம்மோடு படித்தவன், நல்ல வேலையில் இருந்தவன். ஒரு நாள் வந்து, "டேய், எல்லாத்தையும் எடுத்துட்டு செட்டு கட்டிடுடா" என்றான். நான்கு கேள்வியைக் கேட்டேன். மூன்றுக்குத் தலையாட்டினான். "நாளையிலேர்ந்து நிறுத்திடறேன்" என்றான். வேண்டாம் என்றேன்! ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி கலங்கலாம், உயிருக்கே ஆபத்து. மனநல மருத்துவர் மேற்பார்வையில், தயமின் ஊசியோடு நிறுத்த வேண்டும். அழைத்துப் போய்ச் சேர்த்தேன். அது முடிந்து வந்த பிறகுதான் அவன் வாயில் கை வைத்தேன். நான்கு பல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது, மற்றதைக் காப்பாற்றினோம்.

அதற்கப்புறம் ஒரு தொல்லை. குடியை விட்டவருக்கு இனிப்பு ஆசை வரும். சட்டைப் பையில் எப்போதும் சாக்லேட், நாளைக்கு எட்டு டீ. ஆறு மாதத்தில் காப்பாற்றிய பல்லில் மூன்று சொத்தை. நான் கத்த, அவன் "இதையும் விடச் சொன்னா செத்துடுவேன்டா" என்றான். சரி, சாக்லேட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னு, டீயில் சர்க்கரையைப் பாதியாக்கு, ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட் போடாமல் படுக்காதே என்று சமாதானம் செய்துகொண்டோம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். முன்பல் கட்டின அன்றைக்கு, பல வருஷம் கழித்து மகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது.

நம்மில் டேனரியும் ஷூ யூனிட்டும் நடத்துகிற நண்பர்கள் இருக்கிறார்கள். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையிலிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். ரொம்ப வருஷத்துக்கு முன் ஒரு முதலாளி என்னிடம் கேட்டார், "குடிச்சே பல்லைக் கெடுத்துக்கிட்டவனுக்கு நான் எதுக்கு டாக்டர் செலவு பண்ணணும்?" என்று. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடியால் பிரச்சினைக்கு ஆளானவர்கள் நாட்டில் 5.7 கோடிப் பேர். அத்தனை பேரையும் கெட்டவர்கள் என்று ஒதுக்க முடியாது. அது நோய். 2003 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் சில்லறைக் கடையை நடத்துவதும் அரசே, ஆகவே தொழிலாளி ஒருவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் வேண்டுகோள் சின்னது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்களுக்கு ரத்தம், கண், எக்ஸ்ரே பார்க்கிறீர்கள். அதோடு வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டார்ச்சு, ஒரு கண்ணாடி, அந்த நான்கு கேள்வி போதும். பதிலை சூப்பர்வைசரிடம் சொல்லக்கூடாது, டாக்டரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தனும் உண்மை பேசமாட்டான். சிகிச்சைக்குப் போகிறவனுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பாமல், திரும்பி வர வேலையை வைத்திருங்கள். இடம் இல்லாமல் இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசி வழி சொல்வார்கள்.

முதலாளிகளை மட்டும் சொல்லி நம்மை விட்டுவிட்டேன் என்று வேண்டாம். நேற்று ராத்திரி விடுதி மாடியில் எத்தனை பாட்டில் காலியானது என்று காலையில் பெருக்க வந்த அம்மாவைக் கேட்டால் சொல்வார். நாளைக் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, விடுதி வாசல் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். என் ஜூனியர் டாக்டரும் வருகிறார், முதலில் அவர் என் வாயைப் பார்ப்பார். பெயர் எழுதமாட்டோம். வெட்கப்படுகிறவர்கள் இருட்டோடு வரலாம், டார்ச்சு இருக்கிறது.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.