இன்னும் ரெண்டு டன்

இளம்பிள்ளையில் சேலைக் கட்டு ஏற்றும் வண்டியில் இடம்தான் முதலில் நிறையும், எடை ஏறாது. ஜல்லி லோடு அப்படியல்ல. பாடி நிறையும் முன்பே எடை வரம்பைத் தொட்டுவிடும். "இன்னும் ரெண்டு டன் தாங்கும்ணா" என்று கொட்டிவிடுவார்கள். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தில்தான் அந்த ரெண்டு டன்னின் கனம் தெரியும். பிரேக்கை அழுத்த அழுத்த டிரம் கொதிக்கும், பிடிப்பு விட்டுப்போகும்.

2019 செப்டம்பரிலிருந்து அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. எடை போட மறுத்தால் 40,000. இந்தப் பணத்தை முதலாளி கட்டிவிடலாம். ஆனால் லைசென்ஸ் ஓட்டுநருடையது. அதிக பாரம் ஏற்றி ஓட்டினால் குறைந்தது 3 மாதம் அதை நிறுத்தி வைக்கும்படி, சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. குடித்துவிட்டு ஓட்டுவதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நடைக்கு நடை படி வாங்கும் ஒருவர் 3 மாதம் எப்படிக் குடும்பம் நடத்துவார்? லாபம் ஒருவருக்கு, கறை இன்னொருவருக்கு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டவைத்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் பொறுப்பாக்குகிறது. ஓட்டுநர் அண்ணன்மார்களே, கிளம்பும் முன் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் அங்கேயே இறக்கச் சொல்லுங்கள்.