சொட்டு மருந்தும் சிரப்பும்

மழை பிடித்துவிட்டால் மும்பை குர்லாவில் காய்ச்சலும் பிடித்துவிடும். மித்தி ஆற்றோரத்துச் சால்களில் இருந்து நேரு நகர் வரை, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பாராசிட்டமால் புட்டி ஒன்றாவது இருக்கும். பல வீடுகளில் இரண்டு, மூன்று. பெரியவனுக்கு வாங்கிய சிரப், சின்னவளுக்கு வாங்கிய டிராப்ஸ், திருநெல்வேலியிலிருந்து பாட்டி கொண்டுவந்தது ஒன்று. எல்லாம் ஒரே மருந்துதானே என்று நினைக்கிறோம். பெயர் ஒன்றுதான், கெட்டி வேறு.

டிராப்ஸில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கே 120 அல்லது 125. அதாவது டிராப்ஸ் ஏறக்குறைய நான்கு மடங்கு கெட்டி. ஆறு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லிகிராம் வரை போதும். டிராப்ஸ் என்றால் 1 மில்லிகூட வேண்டாம். சிரப் என்றால் 3 மில்லி ஆகலாம். டாக்டர் சிரப்புக்குச் சொன்ன 3 மில்லியை ராத்திரி அவசரத்தில் டிராப்ஸ் புட்டியிலிருந்து எடுத்தால், குழந்தை வயிற்றுக்குள் போவது 300 மில்லிகிராம். அடுத்தடுத்த வேளைகளிலும் அப்படியே கொடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம்.

அமெரிக்காவில் இதே கெட்டியில் டிராப்ஸ் விற்ற கம்பெனிகள், இந்தக் குழப்பத்துக்காகவே 2011இல் அதைக் கைவிட்டு, குழந்தைகளுக்கெல்லாம் ஒரே அளவு கெட்டிக்கு மாறின. நம் மெடிக்கல் கடைகளில் இரண்டும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

சரி, எதில் அளப்பது? சங்கும் பாலாடையும் பாலுக்கு நல்லவை. அவற்றில் கோடு இல்லை. கொஞ்சம் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சமையலறைக் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். சொட்டு எண்ணுவதும் நம்பத்தக்கதல்ல: முனை அகலம், பிடிக்கிற சாய்வு, மருந்தின் பிசுபிசுப்பு எல்லாம் சொட்டின் அளவை மாற்றும். ஒரு புட்டியின் டிராப்பரை இன்னொரு புட்டிக்குப் போடவே கூடாது. கடையில் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு கேளுங்கள். தாத்தாவின் இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள்; அதில் இருக்கும் எண்கள் யூனிட், மில்லி அல்ல. ஒரு வகையில் 40 என்ற கோடுதான் 1 மில்லி.

மருந்தை உறிஞ்சியதும் சிரிஞ்சைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். காற்றுக்குமிழ் இருந்தால் மேலே தட்டி வெளியேற்றுங்கள். 0.6 மில்லி எடுக்கும்போது 0.1 மில்லி குமிழ் இருந்தால், ஆறில் ஒரு பங்கு மருந்து குறைகிறது. காய்ச்சல் இறங்கவில்லையே என்று அம்மா மறுபடியும் கொடுப்பது இப்படியும் ஆரம்பமாகலாம்.

டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: "எந்தப் புட்டியில், எத்தனை மில்லி?" "அரை டிராப்பர்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், மில்லியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அளவைப் பற்றிய பேச்சே வேண்டாம், நேரே டாக்டர்.

அளவு மீறிவிட்டது என்று சந்தேகம் வந்தால், குழந்தை சிரிக்கிறதே, விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். பாபா ஆஸ்பத்திரியோ சயான் ஆஸ்பத்திரியோ, கையில் அந்தப் புட்டியோடு கிளம்புங்கள். மாற்று மருந்து இருக்கிறது. அளவு மீறிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும்.